மருத்துவமனைக் கருவிகளுக்குப் பராமரிப்புச் சேவை வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பராமரிப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் நிர்வாகியின் மேசைக்கு வரும் தாள்களில் பெரும்பாலும் மூன்று செய்திகள்தான் இருக்கும்: ஆண்டுக்கு இவ்வளவு தொகை, ஆண்டுக்கு இத்தனை முறை வருகை, அழைத்தால் ஆள் வருவார். நள்ளிரவில் ஒரு வென்டிலேட்டர் நின்றுபோனால், எத்தனை மணி நேரத்தில் அது மறுபடியும் ஒரு நோயாளியின் மூச்சைத் தாங்கும் என்று அந்தத் தாளில் தேடினால் விடை கிடைக்காது. ஆனால் நாம் பணம் கொடுப்பதே அந்த விடைக்காகத்தான். கருவி பாதுகாப்பாக, சரியான அளவுகளோடு இயங்கும் நேரத்தை அளக்க முடியும், எழுத முடியும், விலை பேச முடியும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அதை நோக்கித்தான் போகிறது.

இது கொள்முதல் பிரிவு மட்டும் தனியாக முடிக்கக்கூடிய வேலை அல்ல. பயோமெடிக்கல் பொறியாளர், கருவியைப் பயன்படுத்தும் துறையின் மருத்துவர், செவிலியர் கண்காணிப்பாளர், கணக்குப் பிரிவு ஆகிய எல்லோரையும் முதல் நாளிலேயே ஒரே மேசையில் அமர்த்துங்கள்.

படி 1: கருவிகளை நேரில் போய் எண்ணுங்கள்

கணக்குப் பிரிவின் சொத்துப் பதிவேட்டை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். அது தேய்மானம் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. கருவி எந்த வார்டில் இருக்கிறது, ஓடுகிறதா, எப்போது கடைசியாகச் சோதிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்காது. ஒவ்வொரு வார்டுக்கும், அறுவை அரங்குக்கும், ஆய்வகத்துக்கும் நேரில் போய், தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், நிறுவிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, மென்பொருள் பதிப்பு, இப்போதைய நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி மீதே ஓர் அடையாள எண்ணை ஒட்டிவிடுங்கள். பின்னால் எழும் தகராறுகளில் பாதி, மருந்து செலுத்தும் எந்தப் பம்ப் பழுதானது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்தச் சுற்றில் மூன்று வகைக் கருவிகள் தனியே பிரியும். முதலாவது, இனி ஓடவே ஓடாதவை. அவற்றைப் பட்டியலிலிருந்து முறைப்படி கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூலையில் கிடக்கும் இயந்திரத்துக்கும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது, ஆய்வகத்தில் ரசாயனம் வாங்கும் ஒப்பந்தத்தோடு வழங்குநர் வைத்துவிட்டுப் போன பகுப்பாய்வுக் கருவிகள். அவற்றின் பராமரிப்பு பெரும்பாலும் ரசாயன விலையிலேயே அடங்கியிருக்கும். அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்றாவது, நன்கொடையாக வந்தவை. சர்வீஸ் கையேடும் உதிரி பாகங்களும் கிடைக்குமா என்று தெரியாமல் அவற்றை எந்த வழங்குநர் தலையிலும் கட்ட முடியாது.

கருவியோடு அதைத் தாங்கி நிற்கும் அமைப்புகளையும் எழுதுங்கள். டயாலிசிஸ் பிரிவில் இருபது இயந்திரங்களுக்கும் ஒப்பந்தம் இருந்து, நீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ அமைப்புக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு மோட்டார் பழுதில் இருபதும் ஒன்றாக நிற்கும். எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் திரவ ஹீலியத்தில், சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் குளிர்ந்திருக்கிறது. ஆவியாகும் ஹீலியத்தை மறுபடி திரவமாக்கும் குளிர்த்தலைக்கு, வெளியிலுள்ள சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரம்தான் துணை. சில்லர் நின்றால் சில மணி நேரத்திலேயே ஹீலியம் குறையத் தொடங்கும். அப்படியிருந்தும் பல எம்ஆர்ஐ ஒப்பந்தங்களில் சில்லர் சேர்வதில்லை. யுபிஎஸ், மருத்துவ வாயு இணைப்புகள், ஸ்கேன் அறையின் குளிர்சாதனம் ஆகியவையும் இப்படித்தான் விடுபட்டுப்போகின்றன.

படி 2: எது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள்

எல்லாக் கருவிக்கும் ஒரே அளவு கவனம் கொடுக்கப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. மருத்துவக் கருவிப் பராமரிப்புத் துறையில் 1989இல் ஃபென்னிக்கோவும் ஸ்மித்தும் முன்வைத்த மதிப்பெண் முறை இன்றும் பல மருத்துவமனைகளில் அடிப்படையாக இருக்கிறது. கருவியின் பயன்பாடு என்ன, அது தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும், அதற்கு எவ்வளவு பராமரிப்பு தேவை ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 12 அல்லது அதற்கு மேல் வந்தால் அதை முறையான பராமரிப்புத் திட்டத்தில் சேர்ப்பார்கள்.

இதோடு நான்காவதாக ஒரு கேள்வியையும் சேர்ப்பது அவசியம்: மாற்றுக் கருவி இருக்கிறதா? பத்து சிரிஞ்ச் பம்புகளில் ஒன்று பழுதானால் வார்டு சமாளித்துவிடும். மருத்துவமனையின் ஒரே சிடி ஸ்கேன் நின்றால், பக்கவாதத்தோடு வருபவரை வேறோர் இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மதிப்பெண் சமமாக இருந்தாலும் இவ்விரண்டுக்கும் ஒரே நிபந்தனையை எழுதக் கூடாது.

படி 3: யாரிடம், எந்த வகையில்?

வழிகள் மூன்று. மருத்துவமனையின் சொந்தப் பொறியாளர்கள், கருவியைத் தயாரித்த நிறுவனம் அல்லது அதன் அங்கீகாரம் பெற்ற முகவர், பல நிறுவனங்களின் கருவிகளையும் கவனிக்கும் சுதந்திரச் சேவை நிறுவனம். பெரும்பாலான இடங்களில் சரியான விடை மூன்றும் கலந்ததுதான். ரத்த அழுத்தமானி, உறிஞ்சுகருவி, நோயாளிக் கண்காணிப்புத் திரை போன்றவற்றைப் பயிற்சி பெற்ற சொந்தப் பொறியாளர் கவனிக்கலாம். சிடி, எம்ஆர்ஐ, புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக்கான நேரியல் முடுக்கி போன்றவற்றில் சர்வீஸ் மென்பொருளும் அதைத் திறக்கும் சாவியும் தயாரிப்பாளரிடமே இருக்கும். அவை இல்லாமல் வெளியாள் எவ்வளவு திறமைசாலியானாலும் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. சுதந்திர நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அந்தச் சாவி அவர்களிடம் சட்டப்படி இருக்கிறதா என்று கேளுங்கள் என்பதே முதல் அறிவுரை.

முழுவதையும் வெளியே கொடுத்தாலும் சொந்தப் பொறியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வந்தவர் செய்த வேலை சரிதானா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் உள்ளே இல்லாவிட்டால், எழுதிய நிபந்தனைகள் எல்லாம் தாளோடு நின்றுவிடும்.

ஒப்பந்த வகைகளில் பரவலாக வழங்குபவை இரண்டு. ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பில் பொதுவாக உழைப்பும் வருகையும் மட்டும் அடங்கும், உதிரி பாகத்துக்குத் தனிக் கட்டணம். சிஎம்சி எனப்படும் முழுமைப் பராமரிப்பில் உதிரி பாகங்களும் சேரும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'முழுமை' என்ற சொல்லுக்குக் கீழே விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும், எழுத்துகள் சிறியவை, பொருள்கள் விலை உயர்ந்தவை. அதைப் பற்றி ஐந்தாம் படியில் விரிவாகப் பார்ப்போம். அரிதாகப் பழுதாகும், மாற்று உள்ள, மலிவான கருவிகளுக்கு எந்த ஒப்பந்தமும் வேண்டாம். அழைக்கும்போது பணம் கொடுப்பதே போதும்.

படி 4: விலை பேசச் சிறந்த நேரம், கருவி வாங்கும் நாள்

கருவியை வாங்கிய பிறகு பராமரிப்புக்குப் பேரம் பேச உங்கள் கையில் பிடிமானம் ஏதும் இருக்காது. வேறு யாராலும் அதைத் திறக்க முடியாது என்பது விற்றவருக்குத் தெரியும். எனவே கொள்முதல் டெண்டரிலேயே, உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கான சிஎம்சி கட்டணத்தையும், முக்கிய உதிரி பாகங்களின் விலையையும், ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை விழுக்காடு உயர்த்தலாம் என்பதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். வெற்றியாளரைக் கருவி விலையை வைத்து முடிவு செய்யாமல், இவை எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் நாளில் மலிவாகத் தெரிந்தது ஏழாம் ஆண்டில் விலை கூடியதாக மாறிவிடுவது பல முறை நடப்பதுதான். சர்வீஸ் கையேடு, பயிற்சி, சாவிகள், கடவுச்சொற்கள், உதிரி பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்ற எழுத்துறுதி ஆகியவற்றைக் கேட்கவும் இதுவே நேரம்.

வாங்கி முடித்துவிட்டவர்களுக்கு ஓர் அளவுகோல்: உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டியில், ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கருவிகளின் கொள்முதல் மதிப்பால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறது. நன்றாக நடக்கும் திட்டங்களில் இது 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும். தனியொரு கருவிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. மருத்துவமனை முழுவதற்குமான விகிதம் இதைவிட வெகுவாகக் கூடினால், ஏன் என்று ஒவ்வோர் ஒப்பந்தமாகப் பிரித்துப் பாருங்கள். வெகுவாகக் குறைந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள், ஏதோ ஒன்று பராமரிக்கப்படாமலே கிடக்கிறது.

படி 5: தேவை ஆவணம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இயங்குநேரத்திலிருந்து தொடங்குவோம். '95 விழுக்காடு இயங்குநேரம்' என்று எழுதுவது வழக்கம். எண்ணைவிட அதற்கு அடியிலுள்ள கணக்குதான் முக்கியம். ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு 24 மணி நேரம் என்றால் 8,760 மணி நேரம். அதில் 5 விழுக்காடு 438 மணி நேரம், அதாவது 18 நாளுக்குச் சற்று மேல். புறநோயாளிப் பிரிவில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் ஸ்கேனுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, நின்ற நேரத்தை மட்டும் வேலை நேரத்தில் எண்ணினால் என்ன ஆகும்? 438 மணி நேரம் என்பது 54 வேலை நாளுக்கு மேல். இரண்டு மாதம் கருவி நின்றாலும் வழங்குநர் நிபந்தனையை மீறாதவராக இருப்பார். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று எடுத்தால் மொத்தம் 2,400 மணி நேரம், அனுமதி 120 மணி நேரம், அதாவது 15 வேலை நாள். எனவே விழுக்காட்டுக்கு அடிப்படையான மொத்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரே அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்று எழுதுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கருவிகளுக்கு 24 மணி நேரக் கணக்கும், 98 விழுக்காடும் கேட்பது நியாயமே. அதுவும் ஏழு நாளுக்கு மேல் நிற்க அனுமதிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் ஆண்டு மொத்தத்தோடு, ஒரே பழுதில் அதிகபட்சம் இத்தனை மணி நேரம் என்ற எல்லையும் தேவை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும், எப்போது நிற்கும்? புகார் பதிவான நிமிடத்தில் தொடங்க வேண்டும். பழுதைச் சரிசெய்து, சோதித்து, துறையில் பொறுப்பிலுள்ளவர் கையெழுத்திட்ட பிறகே நிற்க வேண்டும். பாகத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று என்பதற்காக நிற்கக் கூடாது. வந்து சேரும் நேரமும் சரிசெய்யும் நேரமும் வெவ்வேறு. நான்கு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டுப் பத்து நாள் பாகத்துக்காகக் காத்திருந்தால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். குறித்த நேரம் தாண்டினால் மாற்றுக் கருவி தர வேண்டும் என்பதையும் சேருங்கள். எம்ஆர்ஐக்கு இது முடியாது, வென்டிலேட்டருக்கும் பம்புக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டருக்கும் தாராளமாக முடியும்.

அடுத்து விலக்குகள். சிடி எக்ஸ்ரே குழாய், எம்ஆர்ஐ ஹீலியமும் குளிர்த்தலையும், டிஜிட்டல் எக்ஸ்ரேயில் படத்தைப் பதிக்கும் தட்டை உணரி, அல்ட்ராசவுண்ட் ஆய்வுமுனை, எண்டோஸ்கோப், பேட்டரிகள், வென்டிலேட்டரின் ஆக்சிஜன் உணரி ஆகியவை ஒப்பந்தத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'நுகர்பொருள்கள் நீங்கலாக' என்று பொதுவாக விட்டால் எது நுகர்பொருள் என்பதை வழங்குநர்தான் முடிவு செய்வார். சிடி குழாய்க்கு ஆயுள் உறுதி பெரும்பாலும் ஸ்கேன் வினாடிகளிலோ எண்ணிக்கையிலோ தரப்படும். ஒப்பந்தம் தொடங்கும் நாளில் குழாயின் எண்ணியில் உள்ள அளவை இருவரும் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஆய்வுமுனை விழுவதும், அதன் கேபிள் இழுபடுவதும் எந்த மருத்துவமனையிலும் நடக்கும். வழங்குநர் அதைத் 'தவறான பயன்பாடு' என்று தள்ளிவிடுவார். காரணம் கேட்காமல் ஆண்டுக்கு இத்தனை ஆய்வுமுனைகளை மாற்றித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, அறை ஈரப்பதம், எலி கடித்த கம்பி ஆகியவையும் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகள். இவற்றில் சிலவற்றுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மின்சாரம், வெப்பநிலை, ஈரப்பதம் பற்றிய பதிவுகள் உங்களிடம் இருந்தால்தான் நியாயமில்லாத மறுப்பை எதிர்த்துப் பேச முடியும்.

தடுப்புப் பராமரிப்புக்கு 'காலாண்டுக்கு ஒரு வருகை' என்பது போதாது. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள சரிபார்ப்புப் பட்டியல், மாற்ற வேண்டிய பாகங்கள், சோதித்து எழுத வேண்டிய அளவுகள் ஆகியவை இணைப்பாக வர வேண்டும். ஒவ்வோர் அறிக்கையிலும் 'சரி' என்ற அடையாளத்துக்குப் பதிலாக எண் இருக்க வேண்டும். டிஃபிபிரிலேட்டரை 200 ஜூலில் வைத்தால் உண்மையில் எவ்வளவு வந்தது? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60601-2-4 தரம் அனுமதிக்கும் 15 விழுக்காட்டு வேறுபாட்டின்படி அது 170க்கும் 230க்கும் இடையில் இருக்க வேண்டும். பழுதுபார்த்த பிறகும் குறித்த இடைவெளிகளிலும் செய்ய வேண்டிய மின்பாதுகாப்புச் சோதனைக்கு ஐஇசி 62353 தரத்தைக் குறிப்பிடுங்கள். ஐஇசி 60601-1 புதிய கருவியை வடிவமைத்துச் சான்றளிப்பதற்கானது, வார்டில் செய்யும் சோதனைக்கு உரியது அல்ல. சோதிக்கும் கருவிகளுக்கும் அளவுத்திருத்தச் சான்று வேண்டும், அதுவும் ஆய்வகத் திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தர அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து.

மென்பொருள் மேம்படுத்தலும் பாதுகாப்புத் திருத்தங்களும் கட்டணத்தில் சேருமா என்று எழுதுங்கள். தொலைவிலிருந்து இணைந்து பழுது பார்ப்பவர்கள் யார், எப்போது இணையலாம், அதை யார் அனுமதிப்பார் என்பதையும் எழுதுங்கள். சேமிப்பு வட்டை மாற்றினால் பழைய வட்டு மருத்துவமனையிடமே இருக்க வேண்டும், அதில் நோயாளிகளின் படங்களும் பெயர்களும் இருக்கின்றன.

படி 6: ஒப்பந்தப்புள்ளிகளைக் கேட்பதும் ஒப்பிடுவதும்

விலைப் புள்ளி தருமுன் எல்லா நிறுவனங்களையும் கருவிகளை நேரில் பார்க்க அழைத்து வாருங்கள். பார்க்காமல் போட்ட விலை ஒன்று அதிகமாக இருக்கும், இல்லையென்றால் பின்னர் தகராறாகும். தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனியே வரட்டும். தகுதியில் தோற்றவரின் விலையைத் திறக்க வேண்டாம், மலிவான ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் மனம் அதை விட்டு எளிதில் நகராது.

தகுதியைப் பார்க்கும்போது நிறுவனத்தின் விற்றுமுதலைவிட, உங்கள் மாடலில் பயிற்சிச் சான்று பெற்ற பொறியாளர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள், உதிரி பாகக் கிடங்கு எங்கே என்பவற்றுக்கே அதிக மதிப்பெண் கொடுங்கள். அவர்களின் இப்போதைய வாடிக்கையாளர் மருத்துவமனைகளில் இரண்டு மூன்றுக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். நிர்வாகியிடம் பேசிவிட்டு நிறுத்தாமல், ஸ்கேன் அறைத் தொழில்நுட்பரிடமும் கேளுங்கள்.

தயாரிப்பாளர் ஒருவரைத் தவிர வேறு வழியில்லாத கருவிகளுக்குப் போட்டி கிடையாது. அப்போது அந்த ஒற்றை ஆதாரத்துக்கான காரணத்தைக் கோப்பில் எழுதிவிட்டு, விலை அளவில் மற்ற மருத்துவமனைகள் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். பல ஆண்டு ஒப்பந்தம், ஒரே தயாரிப்பாளரின் பல கருவிகளைச் சேர்த்துக் கொடுத்தல் ஆகியவை குறைப்பு கேட்க உதவும்.

படி 7: கையெழுத்துக்கு முன் சேர்க்க வேண்டியவை

தொகையை ஆண்டின் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். காலாண்டு முடிந்தபின், இயங்குநேர அறிக்கையையும் பராமரிப்பு அறிக்கையையும் பார்த்துக் கொடுங்கள். அபராதம் இயங்குநேரக் குறைவோடு படிப்படியாகக் கூட வேண்டும். அதற்கு ஓர் உச்சவரம்பும், அந்த வரம்பைத் தொட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையும் இருக்க வேண்டும். தாங்க முடியாத அபராதத்தை எழுதினால் நல்ல நிறுவனங்கள் விலையை ஏற்றும், மற்றவை நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கையெழுத்திடும்.

தொடக்க நாளில் கூட்டு ஆய்வு ஒன்று நடத்துங்கள். ஏற்கெனவே உள்ள பழுதுகளை யார் செலவில் யார் சரிசெய்வது என்று அன்றே முடித்துவிடுங்கள். ஒப்பந்தம் முடியும்போது எல்லாப் பணிப் பதிவுகளும், அளவுத்திருத்தச் சான்றுகளும், மாற்றிய கடவுச்சொற்களும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற பிரிவு இல்லாவிட்டால், அடுத்த நிறுவனம் இருட்டில்தான் தொடங்கும்.

படி 8: ஒப்பந்தத்தை நடத்துவது

ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு எண், ஒரு நேரம், ஒரு பொறுப்பாளர். வாய்மொழிப் புகாரை ஏற்காதீர்கள், அது கணக்கில் வராது. கருவியை ஒப்படைக்குமுன் கிருமி நீக்கம் செய்வது வார்டின் கடமை. அதை உறுதிசெய்யும் சீட்டு ஒன்று கருவியோடு போகட்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை வழங்குநரோடு அமர்ந்து, நின்ற நேரம், திரும்பத் திரும்ப வரும் பழுது, தள்ளிப்போன தடுப்புப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒரே பழுது மூன்று முறை வந்தால் அதற்குள் வேறொரு காரணம் இருக்கிறது. சில நேரம் அது கருவியில் இருக்காது, கையாளும் முறையில் இருக்கும், அப்போது பயிற்சிதான் மருந்து. நோயாளிக்குத் தீங்கு விளைந்த, விளையக்கூடியதாக இருந்த பழுதுகளை அந்தந்த நாட்டின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே தீர்த்திருக்க வேண்டும். அந்தக் கருவியை விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

படி 9: புதுப்பிக்கும் முடிவு

ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் தொடங்கினால் பழைய நிபந்தனைகளோடு நீட்டிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஒவ்வொரு கருவிக்கும் அந்த ஆண்டில் கொடுத்த தொகையையும், ஒப்பந்தமே இல்லாமல் அழைத்துப் பணம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து சிஎம்சியைக் கைவிடாதீர்கள், ஒரு சிடி குழாய் பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் தின்றுவிடும். மூன்று ஆண்டுப் போக்கைப் பாருங்கள்.

தயாரிப்பாளர் 'இனி உதிரி பாகம் கிடைக்காது' என்று தேதி அறிவித்துவிட்ட கருவிக்கு, அந்தத் தேதியைத் தாண்டி முழுமைப் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டாம். உழைப்பு மட்டும் கொண்ட ஒப்பந்தத்துக்கு மாறி, மிச்சமாகும் தொகையை மாற்றுக் கருவிக்கான நிதியில் சேர்த்து, புதிய கொள்முதல் டெண்டரை நான்காம் படியில் சொன்னபடி எழுதத் தொடங்குங்கள்.